ஆறு நாற்காலி பார்களுக்குள் நுழைவது எப்படி: டோக்கியோவில் வழிகாட்டியோடு ஓர் இரவு

டோக்கியோவில் ஷிஞ்சுகு பக்கம் கோல்டன் காய் என்று ஓர் இடம். ஆறு குறுகிய சந்துகள், அதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட பார்கள். பார் என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம், நம் ஊர் அடுக்குமாடி வீட்டுச் சமையலறை அளவுதான் இருக்கும். ஒரு கவுன்டர், அதன் முன்னால் ஆறு அல்லது எட்டு நாற்காலி, பின்னால் ஊற்றிக் கொடுக்க ஒரே ஒருவர். பல கடைகளுக்கு ஜன்னல் கிடையாது, கதவும் மூடியே இருக்கும். முதல் தடவை வேலை விஷயமாகப் போயிருந்தபோது அந்தச் சந்துகளில் முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு ஒரு கதவைக்கூடத் திறக்காமல் அறைக்குத் திரும்பினேன். திறந்தால் உள்ளே இருக்கும் ஐந்து பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், என்ன சொல்வது, எங்கே உட்கார்வது, எவ்வளவு பில் வரும், எதுவும் தெரியாது.

அடுத்த பயணத்தில் ஒரு சிறு குழுவில் பணம் கட்டிச் சேர்ந்தேன். ஆறு பேர், ஒரு வழிகாட்டி, மூன்று மணி நேரம், நான்கு கடைகள். அன்றைக்குப் புரிந்தது இதுதான்: அந்தப் பணம் குடிக்குக் கொடுக்கிற பணம் இல்லை, கதவைத் திறந்து "இவங்க என்கூட வந்தவங்க" என்று சொல்ல ஒரு ஆள் இருப்பதற்குக் கொடுக்கிற பணம். உள்ளே போனபிறகு நல்ல விருந்தாளியாக இருக்கத் தெரிந்தால் போதும், மீதி தானாக நடக்கும். குடிக்காதவர்களும் தாராளமாக வரலாம், எங்கள் ஆறு பேரில் இரண்டு பேர் சொட்டுக்கூடத் தொடவில்லை, கடைசிக் கடை வரை உற்சாகமாக வந்தார்கள்.

முதல் முறை போகிறவர்களுக்காக, முன்பதிவிலிருந்து வீடு திரும்புவது வரை வரிசையாகச் சொல்கிறேன்.

எந்தக் குழுவில் சேர்வது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பப் கிரால் என்று விற்கப்படுவது வேறு. அதில் முப்பது நாற்பது பேர் கூட்டமாகப் போவார்கள், ஷாட் கொடுப்பார்கள், கடைசியில் ஒரு கிளப்பில் கொண்டுபோய் விடுவார்கள். அது பிடித்தவர்கள் அதற்குப் போகட்டும். இந்தக் கட்டுரை சிறு குழு பற்றியது. சிறு குழு என்றால் ஆறு பேர், மிஞ்சினால் எட்டு பேர். நாற்காலிக் கணக்குதான் காரணம். எட்டு நாற்காலி உள்ள கடையில் பத்துப் பேர் எப்படி உட்காருவது?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பிறகு ஒரு முறை நண்பர்களோடு போனபோது விலை குறைவாக இருக்கிறதே என்று வேறொரு குழுவில் சேர்ந்தோம். அங்கே போய்ப் பார்த்தால் பதினான்கு பேர். சந்துகளை வெளியிலிருந்து காட்டிவிட்டு, நிலவறையில் இருந்த ஒரு பெரிய கூடத்தில் நீள மேசை போட்டு உட்கார வைத்தார்கள். சாப்பாடு சுமாராக இருந்தது, ஆனால் உள்ளூர்க்காரர் ஒருவரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் முன்பதிவு செய்வதற்கு முன் செய்தி அனுப்பிக் கேளுங்கள்: அதிகபட்சம் எத்தனை பேர், எல்லோரும் ஒரே கடைக்குள் உட்காருவோமா, இல்லை பிரித்து உட்கார வைப்பீர்களா, எத்தனை கடை, அதில் எத்தனை கடை கவுன்டர் கடை. பதில் தெளிவாக வந்தால் பணத்தைக் கட்டுங்கள். சுற்றி வளைத்துப் பதில் வந்தால் வேறு பாருங்கள்.

ஏர்பிஎன்பி, கெட்யுவர்கைடு, வயேட்டர், க்ளூக் போன்ற தளங்களில் இந்த மாதிரி நிறைய கிடைக்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒருவருக்கு 8,000 முதல் 15,000 யென் வரை நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தொகையில் எதெல்லாம் அடக்கம் என்பதைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். சிலவற்றில் எல்லாம் அடக்கம். சிலவற்றில் ஒவ்வொரு கடையிலும் ஒரு பானமும் ஒரு தட்டும் மட்டும் அடக்கம், அதற்கு மேல் உங்கள் கைக்காசு. இன்னும் சிலவற்றில் நீங்கள் கட்டுவது வழிகாட்டியின் கூலி மட்டும்தான், குடியும் சாப்பாடும் நாற்காலிக் கட்டணமும் தனி. அப்படி என்றால் ஒரு கடைக்கு இன்னொரு 1,500 முதல் 2,500 யென் வரை சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மலிவாகத் தெரிந்தது அப்போது மலிவாக இருக்காது.

விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், எல்லாவற்றுக்கும் ஐந்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். எழுதியிருப்பதைப் படியுங்கள். கடைக்காரர் வழிகாட்டியைப் பார்த்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பக்கத்து நாற்காலிக்காரர் எங்களோடு பேசினார் என்கிற மாதிரி வரிகள் இருந்தால் அது நல்ல அடையாளம். வழிகாட்டிக்கு உரிமம் இருக்கிறதா என்று சிலர் கேட்பார்கள். ஜப்பானில் 2018 ஜனவரி முதல் உரிமம் இல்லாதவரும் கூலிக்கு வழி காட்டலாம், தேசியத் தேர்வில் தேறியவர் மட்டும் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். கோயில், கோட்டை, வரலாறு என்று போகும்போது அந்தப் பட்டத்துக்கு அர்த்தம் இருக்கிறது. ராத்திரி பார்களுக்கு என்னைக் கேட்டால், அந்தச் சந்தில் பத்து வருடமாகக் குடித்துப் பழகிய ஆள்தான் மேல்.

எந்தப் பகுதி? முதல் முறை என்றால் ஷிஞ்சுகு. ஸ்டேஷனுக்கு மேற்கே ஒமோய்தே யோகோச்சோ என்கிற சுட்ட கறிக் கடைச் சந்து, கிழக்கே கோல்டன் காய், இரண்டையும் ஒரே இரவில் நடந்தே முடிக்கலாம். ஷிபுயாவில் ரயில் பாதையை ஒட்டி நொன்பேய் யோகோச்சோ என்று நாற்பது கடை வரை உள்ள ஒரு சின்ன இடம் இருக்கிறது. பெயருக்குக் குடிகாரர் சந்து என்றே அர்த்தம். இந்தச் சந்துகள் வேண்டாம் என்றால் யூராகுச்சோ ரயில் வளைவுகளுக்கு அடியில் உள்ள கடைகள், அல்லது பகலிலேயே திறந்துவிடும் அசாகுசாவின் ஹொப்பி தெரு.

வயதைப் பற்றி ஒரு வரி. ஜப்பானில் 2022 ஏப்ரலில் வயதுவந்தோர் வரம்பை 18 ஆகக் குறைத்தார்கள், ஆனால் மதுவுக்கு இன்னும் 20 தான். கல்லூரி மாணவர்கள் இதைக் கவனிக்கவும். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், சுற்றுலாப் பயணி எப்போதும் அதை வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஜிப் போட்ட உள்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி முன்கூட்டியே எழுதிச் சொல்லுங்கள்

நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சைவம் என்றால் "வெஜிடேரியன்" என்று ஒரு சொல்லை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அங்கே அந்தச் சொல்லைக் கேட்டால் கறித்துண்டு இல்லாமல் கொண்டுவருவார்கள், அவ்வளவுதான். தாஷி என்கிற சாறு பாதிப் பதார்த்தங்களில் இருக்கும். கடற்பாசியோடு காய்ந்த மீனைச் சீவிப் போட்டு எடுக்கிற சாறு அது. டோஃபு பாதுகாப்பானது என்று நினைத்து ஹியயாக்கோ கேட்டால், குளிர்ந்த டோஃபுவின் மேலே மீன் சீவலைத் தூவிக் கொண்டுவந்து வைப்பார்கள். உருளைக்கிழங்கு சாலடில் பெரும்பாலும் ஹாம் கிடக்கும். ஆகவே வழிகாட்டிக்கு இப்படி எழுதுங்கள்: மீன், மீன் சாறு, கோழி, பன்றி, மாடு எதுவும் கூடாது, பால் பரவாயில்லை, முட்டை சாப்பிடுவேன் அல்லது மாட்டேன். குறைந்தது இரண்டு நாள் முன்னால் எழுதுங்கள், அப்போதுதான் அவர் கடைக்காரரிடம் பேசி வைக்க முடியும்.

அங்கே போனபின் சைவத்துக்குக் கைகொடுப்பவை எவை என்றால், உப்புப் போட்டு அவித்த எதமாமே, அதாவது பச்சை சோயாக்காய், எல்லா இடத்திலும் உண்டு. சுட்ட ஷிஷிதோ மிளகாய் (காரம் அனேகமாக இருக்காது, பத்தில் ஒன்று சுள்ளென்று வரும்), ஷீடாகே காளான், வெங்காயத்தண்டு, பருவம் இருந்தால் கிங்கோ கொட்டை. இதெல்லாம் கம்பியில் குத்திச் சுடுவது. உப்பா, குழம்பா என்று கேட்பார்கள், "ஷியோ" என்று சொல்லுங்கள், அதாவது உப்பு. "தாரே" என்றால் கோழிக் கம்பிகளை முக்கியெடுக்கிற அதே குழம்பு. அடுப்பு மட்டும் பொதுதான், அதே தணலில்தான் கோழியும் வேகும். அதை ஏற்க முடியாதவர்கள் எதமாமேயோடு நிறுத்திக்கொண்டு, குழுவுக்கு வருவதற்கு முன்பே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுவது நல்லது.

அசைவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒமோய்தே யோகோச்சோவில் பல கடைகளின் அடையாளமே மோட்சு, அதாவது ஈரல், குடல், இதயம் என்று உள்ளுறுப்புகளைச் சுட்டுத் தருவது. பெரும்பாலும் பன்றி. போருக்குப் பின் கறுப்புச் சந்தையாக முளைத்த இடம் அது, மாவுக்கும் அரிசிக்கும் கட்டுப்பாடு இருந்த காலத்தில் உள்ளுறுப்புக் கறி அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வராததால் அதை வைத்துக் கடை நடத்தினார்கள், அதுவே வழக்கமாகிவிட்டது. 1999-ல் ஒரு தீ விபத்தில் ஒரு பகுதி எரிந்தும் போனது, திரும்பக் கட்டிக்கொண்டார்கள். குடல் கறியும் ஈரலும் விரும்பிச் சாப்பிடுகிறவர் என்றால் அந்தப் புகைக்குள் நீங்கள் ஊருக்குப் போன மாதிரியே உணர்வீர்கள். பன்றி, மாடு ஆகாதவர்கள் மட்டும் ஒவ்வொரு தட்டிலும் கேட்டுக்கொண்டு கை வையுங்கள்.

வெறும் வயிற்றோடு மட்டும் வரவே வராதீர்கள். மாலை ஐந்தரைக்கு ஒரு கடையில் ஓனிகிரி என்கிற சோற்று உருண்டை வாங்கிச் சாப்பிட்டால்கூடப் போதும். சைவர்கள் உமேபோஷி, அதாவது ஊறவைத்த புளிப்புப் பழம் வைத்ததைக் கேட்டு வாங்கலாம்.

கிளம்பும்போது

கையில் பத்தாயிரம் யென்னாவது ஆயிரம் ஆயிரமாகச் சில்லறையில் இருக்கட்டும். சின்ன பார்களில் கார்டு எடுக்காமல் ரொக்கம் மட்டுமே வாங்குகிறவர்கள் இன்னும் நிறைய. செவன் இலெவன் கடைகளில் உள்ள ஏடிஎம்மில் நம் கார்டு வேலை செய்யும். முதுகுப்பை, ஷாப்பிங் பைகளை ஸ்டேஷன் லாக்கரில் போட்டுவிடுங்கள், பார்களில் அதை வைக்க இடமே இருக்காது, பக்கத்து ஆளின் மடியில்தான் வைக்க வேண்டியிருக்கும். சில கடைகளில் செருப்பைக் கழற்றி ஏற வேண்டும், ஆகவே ஓட்டை இல்லாத சாக்ஸ். 2020 ஏப்ரல் முதல் உள்ளே புகைபிடிக்க நாடு முழுக்கக் கட்டுப்பாடு உண்டு என்றாலும் பழைய சின்னக் கடைகள் பலவற்றுக்கு விலக்கு இருக்கிறது, புகை இருக்கத்தான் செய்யும். ஆஸ்துமா உள்ளவர்கள் இதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சந்திக்கும் இடத்துக்கு இருபது நிமிடம் முன்னால் போய்விடுங்கள். ஷிஞ்சுகு ஸ்டேஷனை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கிழக்கு வாசல் என்று சொன்ன இடத்தில் மேற்கு வாசலில் வெளியே வந்துவிட்டால் கால் மணி நேரம் போய்விடும். 2020 ஜூலையில் கிழக்கையும் மேற்கையும் இணைத்து டிக்கெட் இல்லாமலே கடக்க ஒரு வழி திறந்தார்கள், தவறிப் போனால் அதைக் கேட்டுப் பிடியுங்கள். ஷிபுயா என்றால் அனேகமாக ஹாச்சிகோ நாய்ச் சிலை, அங்கே நூறு பேர் நிற்பார்கள், வழிகாட்டியின் படத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் தாமதம் என்றால்கூடச் செய்தி அனுப்பிவிடுங்கள், முதல் கடையில் உங்கள் பெயரில் நாற்காலி பிடித்து வைத்திருப்பார்கள்.

முதல் கடை

உட்கார்ந்ததும் சூடான அல்லது குளிர்ந்த ஈரத்துண்டு ஒன்று வரும், ஓஷிபோரி. கையைத் துடைக்க. முகத்தையும் கழுத்தையும் துடைக்க வேண்டாம். அடுத்த நிமிடமே என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அங்கே பழக்கம் என்னவென்றால், சாப்பாடு அப்புறம், முதலில் எல்லோருக்கும் கையில் ஒரு குவளை. அதனால்தான் "தோரியாஏசு பீரு", இப்போதைக்கு ஒரு பீர், என்பது அங்கே ஒரு சொலவடை மாதிரி. மெனுவைப் பத்து நிமிடம் படித்துக்கொண்டிருந்தால் ஆறு பேரும் காத்திருக்க வேண்டும். எல்லோருக்கும் வந்தபிறகு "கன்பாய்" சொல்லி இடித்துவிட்டுத்தான் முதல் மடக்கு.

குடிக்காதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். ஊலாங் தேநீர் கேட்பது அங்கே சாதாரணம், யாரும் ஒரு மாதிரிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் "ஊலாங் சா" என்று கேளுங்கள். "ஊலாங் ஹை" என்றால் அதே தேநீரில் ஷோச்சு என்கிற காய்ச்சி வடித்த மது கலந்தது, நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எங்கள் குழுவில் ஒருவருக்கு மாறி வந்துவிட்டது, வாயில் வைத்ததும் வழிகாட்டி முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு மாற்றிக் கொடுத்தார். மத காரணமோ உடல் காரணமோ இருந்தால் முதல் கடையிலேயே வழிகாட்டியிடம் காதில் போட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒரு சின்னக் கிண்ணம் முன்னால் வரும். இரண்டு வாய் காய்கறியோ, ஒரு துண்டு மீனோ இருக்கும். இது ஓதோஷி. திருப்பி அனுப்பத் தேவையில்லை, பில்லில் 300 முதல் 500 யென் வரை சேரும், ஏமாற்று இல்லை, நாற்காலிக்கான வாடகை மாதிரி. கோல்டன் காயில் பல கடைகளில் தனியாகவே நாற்காலிக் கட்டணம் உண்டு, 500 முதல் 1,000 யென், சில இடத்தில் அதற்கும் மேல், கதவிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். இதைப் பார்த்துச் சண்டை போட்ட வெளிநாட்டுக்காரரை நானே பார்த்தேன். எட்டு நாற்காலியை வைத்துக்கொண்டு ஒரு ஆள் கடை நடத்தி வாடகை கட்ட வேண்டும் என்று யோசித்தால் அந்தக் கோபம் வராது. அதே காரணத்தால் ஒரு கடைக்கு ஆளுக்கு ஒரு பானமாவது வாங்குங்கள், இரண்டு பேர் ஒரு குவளையைப் பகிர்ந்துகொள்வது அங்கே சரியில்லை.

புட்டியில் வந்தால் அடுத்தவர் குவளைக்கு நீங்கள் ஊற்றுங்கள், உங்களுக்கு அவர் ஊற்றுவார். குவளை காலியாக இருந்தால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம், போதும் என்றால் காலி செய்யாமல் அப்படியே விட்டுவிடுங்கள். நம் வீட்டு விருந்தில் இலையை மூடுகிற மாதிரி ஒரு சைகை அது.

என்ன வாங்குவது என்று தெரியாவிட்டால், நான் சொல்வது இதுதான். முதல் கடையில் பீர் அல்லது ஹைபால், விஸ்கியில் சோடா நிறைய ஊற்றியது, லேசாக இருக்கும். இரண்டாவது கடையில் ஹொப்பியைப் பாருங்கள். 1948-ல் வந்த பானம், பீர் மாதிரி மணம் இருக்கும், அதில் மது மிகக் குறைவு, தனியாகக் குவளையில் வருகிற ஷோச்சுவில் நீங்களே கலந்துகொள்ள வேண்டும். ஷோச்சு தீர்ந்தால் "நாகா", அதாவது உள்ளே போவது, ஹொப்பி தீர்ந்தால் "சோதோ", வெளியே இருப்பது. இந்த இரண்டு சொல்லையும் நீங்கள் சொன்னால் கவுன்டருக்குப் பின்னால் இருப்பவர் முகம் மலர்ந்துவிடும். நிஹோன்ஷு, நாம் சாக்கே என்று சொல்வது, மூன்றாவது கடைக்கு. 15, 16 சதவீதம் மது, வாயில் மென்மையாக இருப்பதால் தெரியாது. சில கடைகளில் மரப்பெட்டிக்குள் குவளையை வைத்து வழிய வழிய ஊற்றுவார்கள், பெட்டிக்குள் விழுந்ததும் உங்களுடையதுதான், குவளையைக் குடித்து முடித்தபின் அதையும் ஊற்றிக் குடிக்கலாம்.

கூடவே தண்ணீர். "ஓமிசு" என்று கேட்டால் இலவசமாகத் தருவார்கள், ஒரு குவளை மதுவுக்கு ஒரு குவளை தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கடையிலும் குடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நடுவில் ஒரு கடையில் வெறும் ஊலாங் சா போதும் என்றால் அதுவே போதும். குடிப்பதற்கு முன் அங்கே பலர் கடைகளில் ஒரு குட்டிப் புட்டி வாங்கிக் குடிப்பார்கள், உகோன் என்று பெயர், வாங்கி முகர்ந்து பார்த்தால் நம் மஞ்சள்! அதைக் குடித்துவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று நம்பாதீர்கள், தண்ணீரையும் சாப்பாட்டையும் நம்புங்கள்.

கவுன்டரில் பேசுவது

இந்த இரவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கடைக்காரர் ஆண் என்றால் "மாஸ்டர்", பெண் என்றால் "மாமா". நமக்கு மாமா என்றால் வேறு, அங்கே அது கடையை நடத்தும் அம்மா. வழிகாட்டி மொழிபெயர்ப்பார், ஆனால் கேள்வி உங்களிடமிருந்து வர வேண்டும். நம்மோடு வந்தவர்களோடு மட்டும் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் மூன்று மணி நேரமும் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த மாதிரி முடிந்துவிடும். கடை எத்தனை வருடமாக இருக்கிறது, சுவரில் இருக்கிற படம் யார், இந்தப் புட்டிகளில் பெயர் எழுதித் தொங்குகிறதே அது என்ன (வாடிக்கையாளர்கள் முழுப் புட்டி வாங்கி வைத்துவிட்டுப் போவார்கள்), இப்படிக் கையெதிரே இருப்பதைக் கேளுங்கள். எவ்வளவு சம்பாதிக்கிறீர்கள், கல்யாணம் ஆகிவிட்டதா என்றெல்லாம் நம் ஊர்ப் பழக்கத்தில் ஆரம்பிக்க வேண்டாம்.

எங்களுக்கு மூன்றாவது கடையில் அது நடந்தது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு மாமா. எங்கிருந்து என்றார், இந்தியாவின் தெற்கு என்றேன். அரிசி சாப்பிடுகிறவர்களா, அப்படியானால் அரிசியில் மது செய்வீர்களா என்று கேட்டார். இல்லை, நாங்கள் அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து அரைத்து, புளிக்க வைத்து, ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுவோம் என்றேன். வழிகாட்டி இதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் இரண்டு நாற்காலி தள்ளி இருந்த ஒரு பெரியவர் திரும்பிவிட்டார். எவ்வளவு நேரம் புளிக்கும்? ஒரு ராத்திரி. என்ன சேர்ப்பீர்கள்? உப்பு மட்டும், வேறொன்றுமில்லை. சாக்கேக்குக் கோஜி என்கிற பூஞ்சணம் வேண்டும், ஈஸ்ட் வேண்டும், மூன்று நான்கு வாரம் பொங்கிக்கொண்டிருக்கும், உங்களுக்கு ஒரு ராத்திரியிலா என்று அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. குளிர்காலத்தில் எங்கள் அம்மா மாவுப் பாத்திரத்தைப் போர்வையில் சுற்றி வைப்பார் என்றதும் மாமா கவுன்டரைத் தட்டிச் சிரித்தார். முக்கால் மணி நேரம் மாவுப் பேச்சுதான். இந்தப் பேச்சுக்கு வழிகாட்டி இல்லாமல் நான் எந்தக் காலத்திலும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன்.

படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், கடைக்குள் மட்டுமில்லை, கோல்டன் காயின் சந்துகளிலும் எடுக்கக் கூடாது என்று பலகை இருக்கும் இடங்கள் உண்டு. அந்த இடத்தைக் காப்பாற்ற அவர்கள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. 1958 வரை அங்கே பாலியல் தொழில் நடந்தது, அதைத் தடுக்கும் சட்டம் வந்தபின் குடிக்கடைகளாக மாறின, 1980-களில் நிலத்தின் விலை ஏறியபோது எரித்தாவது காலி செய்துவிடுவார்களோ என்று பயந்து கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் ராத்திரியில் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். அந்த மாதிரிக் காத்த இடத்தில் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

பில்லும் பணமும்

கிளம்பும்போது இரண்டு ஆள்காட்டி விரலையும் பெருக்கல் குறி மாதிரி வைத்துக் காட்டினால் பில் என்று அர்த்தம். பணத்தைக் கையில் கொடுக்காமல் சின்னத் தட்டு இருந்தால் அதில் வையுங்கள். டிப்ஸ் வைக்காதீர்கள், மறந்துவிட்டுப் போகிறீர்கள் என்று தெருவரைக்கும் துரத்திக்கொண்டு வந்து கொடுப்பார்கள். வழிகாட்டிக்கும் டிப்ஸ் வழக்கம் இல்லை. அவருக்கு நன்றி செய்ய நினைத்தால் அடுத்த நாளே, அவர் செய்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்லி நாலு வரி விமர்சனம் எழுதுங்கள், அவருக்கு அடுத்த மாதச் சோறு அதில் வருகிறது. எழுந்து போகும்போது "கோச்சிசோசாமா" என்று கவுன்டரைப் பார்த்துச் சொல்லுங்கள்.

முடிந்த பிறகுதான் கவனம் வேண்டும்

குழு பத்து மணிக்கு முடியும். எல்லோரும் கையசைத்துப் பிரிவார்கள். கொஞ்சம் போதை, கொஞ்சம் தைரியம், பக்கத்திலேயே கபுகிச்சோ என்கிற கேளிக்கைப் பகுதியின் வெளிச்சம். இந்த நேரத்தில்தான் ஒருவர் பக்கத்தில் வந்து சிரித்துப் பேசுவார், நல்ல கடை, ஆளுக்கு 3,000 யென், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்பார். அவர் எந்த மொழியில் பேசினாலும் பின்னால் போகாதீர்கள். தெருவில் ஆள் பிடிப்பது அங்கே விதிகளுக்கு எதிரானது, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஓடிக்கொண்டே இருக்கும், அதற்குக் கீழேயே நின்றும் பிடிப்பார்கள். உள்ளே போனால் பில் பத்து மடங்காக வரலாம். நல்ல கடைக்குத் தெருவில் ஆள் பிடிக்கத் தேவை இல்லை. மாட்டிக்கொண்டால் அருகே இருக்கும் கோபன் என்கிற காவல் சாவடிக்குப் போங்கள், அல்லது 110. யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் ஆம்புலன்ஸ் 119. தனியாக வந்த பெண்கள் குவளையைக் கண் பார்வையிலேயே வைத்துக்கொள்ளவும், குழு முடிந்ததும் ஸ்டேஷன் வரை யாரோடு நடப்பது என்று முன்பே வழிகாட்டியோடு பேசி வைக்கவும். நல்ல வழிகாட்டி கேட்காமலே செய்வார்.

கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டி, பாதையைப் பொறுத்துப் பன்னிரண்டரை வாக்கில் போய்விடும். அதற்கப்புறம் காலை நாலரை, ஐந்து மணி வரை ரயில் கிடையாது. உங்கள் பாதையின் கடைசி ரயிலை மாலையிலேயே பார்த்து, அரை மணி நேரம் முன்னால் அலாரம் வைத்துவிடுங்கள். டாக்ஸி என்றால் இரவு பத்து முதல் காலை ஐந்து வரை இருபது சதவீதம் கூடுதல். வாடகை சைக்கிளையும் மின் ஸ்கூட்டரையும் தொடவே தொடாதீர்கள். 2024 நவம்பரிலிருந்து குடித்துவிட்டு சைக்கிள் ஓட்டுவதற்கும் தண்டனையைக் கடுமையாக்கிவிட்டார்கள். ஷிபுயாவில் என்றால் டப்பாவைத் திறந்துகொண்டு தெருவில் நிற்கவும் கூடாது, 2024 அக்டோபர் முதல் ஸ்டேஷனைச் சுற்றி மாலை ஆறிலிருந்து காலை ஐந்து வரை தெருவில் குடிக்கத் தடை.

அடுத்து, தனியாக

ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குத் தாவுவதை அங்கே ஹாஷிகோ என்பார்கள், ஏணி என்று அர்த்தம். குழுவோடு போன இரவை முதல் படியாக வைத்துக்கொண்டு, நீங்கள் ஊர் திரும்புவதற்குள் பிடித்த ஒரு கடைக்குத் தனியாகவோ, ஒரே ஒரு துணையோடோ போய்ப் பாருங்கள். வழிகாட்டியிடம் அன்றைக்கே கடையின் பெயரையும் விடுமுறை நாளையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஞாயிறு மூடும் கடைகள் உண்டு. எட்டு மணிக்குப் போனால் இடம் இருக்கும். சில கதவுகளில் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். மற்றவற்றில், கதவைப் பாதி திறந்து, உள்ளே காலை வைக்காமல், ஒரு விரலைக் காட்டி "ஹிதோரி தெஸ்" என்று சொல்லி நில்லுங்கள், ஒரு ஆள் என்று அர்த்தம். கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டினால் இடம் இல்லை, தலையை லேசாகக் குனிந்து கதவைச் சாத்திவிட்டு அடுத்த கதவுக்குப் போகலாம்.

இரண்டு நாள் கழித்து அந்த மூன்றாவது கடைக்கு நான் தனியாகப் போனேன். கதவைத் திறந்து ஒரு விரலைக் காட்டினேன். மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் ஓரத்து நாற்காலியில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அந்த நாற்காலியைக் காட்டினார்.